ஏப்பம்

மகளின் நிச்சயதார்த்தப் பந்தியில் இலையில் பாயசம் விழும்போது அரங்கநாயகத்தின் நெஞ்சின் மேல் யாரோ அம்மிக்கல்லை இறக்கி வைத்தார்கள். "வாயுதான் அத்தான். ஒரு ஏப்பம் வந்துட்டா சரியாப் போயிரும்," என்று மைத்துனர் சோடாவை உடைத்துக் கையில் கொடுத்தார். "அப்பாவுக்கு இப்படி வேர்க்குதே, ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்மா," என்றாள் மகள் மதிவதனி. "நல்ல காரியம் நடக்கிற இடத்துல என்ன பேச்சு இது?" என்று அம்மா அவளை அடக்கினாள். பந்தியே சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவருடைய ஏப்பத்துக்காகக் காத்திருந்தது. வந்தது. பெரிய ஏப்பம்தான். சம்பந்தி சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள், பாயச வாளி மறுபடி நகர்ந்தது. கல் மட்டும் நகரவில்லை. ஏப்பமே வந்துவிட்ட பிறகு வலிக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? அவரும் சிரித்து வைத்தார். வலி தாடைக்கு ஏறியது. அது வேறு யாருக்கோ வலிப்பதுபோல் இருந்தது. தரையில் ஏதோ உடைந்தது. யார் கையிலிருந்து விழுந்தது என்று அவரும் மற்றவர்களோடு சேர்ந்து பார்த்தார். அதுவரை சோடா பாட்டிலைப் பிடித்திருந்த அவருடைய இடக்கை மடியில் விரிந்து கிடந்தது. பந்தி முடியாமல் யாரும் எழக்கூடாது, மதிவதனி எழுந்துவிட்டாள்.

"உக்காருடி," என்றாள் அம்மா.