இரண்டு ஏரியல்களும் ஒரு படகும்

ஹாம் ரேடியோ வைத்திருந்த தொம்மையின் மொட்டை மாடியில் இரண்டு ஏரியல்கள். ஒன்று வானத்தைக் குத்துவதுபோல் நின்ற நெட்டைக் குழாய். மற்றது துணிக்கொடிபோல் குறுக்கே கட்டிய கம்பி. நெட்டை பிடிப்பது தொம்மையின் வலது காதுக்கு, கம்பி பிடிப்பது இடது காதுக்குப் போகும். இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம்.

ஒரு மத்தியானம் புயல். கடலிலிருந்து ஒரு படகு உதவி கேட்டது. தூரத்துக் குரல் ஓரிடத்தில் மங்கும்போது பக்கத்திலேயே வேறோரிடத்தில் தெளிவாக விழும். அது இவை இரண்டுக்கும் தெரியாது.

"நாலு பேராம், எஞ்சின் நின்னுபோச்சாம்!" என்றது கம்பி.

"புளுகாதே. படகுக்காரன் பேச்சே நின்னுபோச்சு. எனக்கே கேக்காதது உனக்கு எங்கே கேக்கும்?"

கம்பிக்குச் சுருக்கென்றது. காற்று அதைப் பிய்த்தெறியப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கேட்டதையெல்லாம் கீழே அனுப்பியது.

திடீரென்று அதற்குக் காது அடைத்துப்போனது. நெட்டையோ கத்தியது: "பேசுறான்! தீவுக்கு வடக்கேன்னு சொல்றான்!"

'புளுகு' என்ற சொல் கம்பியின் நுனிநாக்கு வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "அண்ணே, விட்டுராதீங்க! எனக்கு ஒண்ணும் கேக்கலே," என்றது.

இரண்டு காதிலும் விழுந்ததைச் சேர்த்து தொம்மை கடலோரக் காவலுக்குச் சொன்னார். சாயங்காலம் நாலு பேரும் கரையேறினார்கள்.

நெட்டை மெல்லக் கேட்டது:

"தம்பி, முதல்ல அவன் என்னதான் சொன்னான்?"