மாமியின் ஆபரேஷன்

“இந்த வாட்டியும் ஆபரேஷனுக்குத் தேதி குடுக்கலியா, மாமி?”

இளநீர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சந்திரம்மா கேட்டாள். ஆட்டோவிலிருந்து இறங்கிய கோமளம் இல்லை என்று தலையசைத்தாள். பின்னாலேயே இறங்கிய மருமகள் ஹம்சினி நேராக உள்ளே போய்விட்டாள்.

“எடை இன்னும் இறங்கணுமாம். சர்க்கரையும் எல்லையில நிக்கறதாம். ரெண்டும் சரியானாத்தான் கத்தியை எடுப்பேன்னுட்டார் டாக்டர்.”

மாமல்லபுரம் கோயில் தெருவில் இருவருக்கும் எதிரெதிர் வீடு. வீட்டு விஷயத்தை வாசலில் நின்று பேசும் வழக்கம் கோமளத்துக்கு இல்லை. ஆனாலும் பார்த்ததையும் கேட்டதையும் வைத்துச் சந்திரம்மாவுக்கு ஓரளவு தெரியும். சிறுநீரகம் கெட்டுப்போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் மாமியாரும் மருமகளுமாகக் கேளம்பாக்கம் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் முடித்துத் திரும்புகிறார்கள். மகன் ஹரிசங்கர் தன்னுடையதைத் தருவதாகச் சொல்லியும் ரத்த வகை சேரவில்லை.

மருமகளை நினைத்தால் சந்திரம்மாவுக்கு மனசு உருகும். நல்ல வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறாள். ஒரு தடவைகூட மாமியாரைத் தனியாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதில்லை. மாமியாருக்காக அலைந்து அலைந்தே அந்தப் பெண் துரும்பாக இளைத்துவிட்டாள் என்று இளநீர் குடிக்க வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவாள்.

ஆனால் கோமளத்தின் போக்குதான் அவளுக்குப் புரியவில்லை. விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பி, கடற்கரைச் சாலையில் வேர்க்க விறுவிறுக்க நடப்பாள். கோயிலில் கொடுக்கும் சர்க்கரைப் பொங்கலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் நிற்பவர் கையில் கொடுத்துவிடுவாள். ஆசை ஆசையாய்ச் சாப்பிட்ட தயிர்சாதத்தையும் விட்டுவிட்டாள்.

ஒரு நாள் சந்திரம்மா வழிமறித்தே கேட்டாள்.

“இன்னா மாமி இது? வூட்ல இவ்ளோ பெரிய சீக்கை வச்சிகினு இப்டியா நடப்பாங்க? பெருமாளைக் கும்புட்டுகினு செத்த குந்துங்களேன். அவர் பாத்துக்க மாட்டாரா?”

கோமளம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நோய் இன்னதென்று தெரிந்த அன்று சன்னதியில் நின்று அழுததைச் சொன்னாள். பட்டர் சடாரியைத் தலையில் வைத்தபோது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று யாரோ சொன்னதுபோல மனசு அப்படியே அடங்கிப்போயிற்றாம். அது பெருமாள் கொடுத்த வாக்கு என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

“அப்புறம் எதுக்கு இந்த ஓட்டம்?”

“புண்டரீக மகரிஷி பாற்கடல்ல இருக்கற பெருமாள் பாதத்துல பூவைச் சேர்க்க வழி வேணும்னு இதே கடலைத்தானே கையால இறைச்சார்? கடல் வத்தாதுன்னு அவருக்குத் தெரியாதா? ஆனாலும் கையை நிறுத்தலை. பெருமாள் தானா எழுந்து வந்தார். அவர் வரபோது நான் தயாரா இருக்க வேண்டாமா, சந்திரம்மா?”

சந்திரம்மா ஒதுங்கி வழிவிட்டாள்.

மழைக்காலம் வந்தது. டாக்டர் இரண்டு முறை பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் என்று திருப்பி அனுப்பினார். ஒரு நாள் சந்திரம்மா கடற்கரையில் வியாபாரத்தில் இருந்தபோது, கோமளம் வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் வந்து போனதாகப் பூக்காரி வந்து சொன்னாள். சந்திரம்மா கையிலிருந்த அரிவாளைக் கீழே வைத்தாள். அந்த இடத்திலேயே கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்பினாள்.

மறுநாள் காலை தூறலில், குடையைப் பிடித்துக்கொண்டு கோமளம் நடந்து வந்தாள். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. ஆனால் கால்களில் வேகம் கூடியிருந்தது.

“நேத்துதான ஆம்புலன்ஸ் வந்துச்சி, மாமி?”

“அதான் இன்னிக்கு ஒரு சுத்து அதிகமா நடக்கறேன்” என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டாள்.

தை பிறந்தது. ரவிக்கைகளையெல்லாம் பிடித்துத் தைக்கும் அளவுக்குக் கோமளம் இளைத்திருந்தாள். ஒரு நாள் ஆட்டோ நிற்பதற்குள்ளேயே இறங்கித் தெருவைக் கடந்து வந்து, சந்திரம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“டாக்டர் சரின்னுட்டார். எல்லாம் அளவுக்கு வந்துடுத்தாம். வர புதன்கிழமை ஆபரேஷன்.”

அன்று முழுக்கச் சந்திரம்மா வந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டதென்று ஹரிசங்கர் போன் செய்த பிறகும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரி வராந்தாவில், வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு கோமளம் மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு களை. சந்திரம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“எந்த மவராசி குடுத்தாளோ, அவ நூறு வருசம் இருக்கணும். புது கிட்னி நல்லா வேலை செய்யுதா, மாமி?”

“ஜோரா வேலை செய்யறது. நீயே பாரு, வா.”

கோமளம் அவளைக் கண்ணாடித் தடுப்புக்குப் பக்கத்தில் அழைத்துப்போனாள். உள்ளே கட்டிலில் முகக்கவசத்தோடு சாய்ந்திருந்த ஹம்சினி இருவரையும் பார்த்துக் கையசைத்தாள்.

“எனக்கு ஒண்ணு போதும், சந்திரம்மா. இன்னொண்ணை என் நாட்டுப்பொண்ணுக்குக் குடுத்துட்டேன்” என்றாள் கோமளம்.