நான்காவது துளி

கண்ணாடித் தட்டின் மூடியைத் திறக்க அகேயோவுக்குக் கை வரவில்லை. ஆய்வுக்கூடத்தின் மேசைக்கும் சன்னலுக்குமாக நடந்தாள். கழுவிய கையையே மறுபடியும் கழுவினாள்.

சன்னலுக்கு வெளியே ஏரிக்கரை வரைக்கும் பார்த்தீனியம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. அந்தக் களையோடுதான் அவளுக்கு வழக்கு.

அதன் சாற்றைக் குடிக்கிற கொசுவின் குடலில் பாக்டீரியா அற்றுப்போகிறது. குடல் காலியான கொசு கூடுதல் நாள் வாழ்கிறது. கூடுதல் நாள் வாழ்கிற கொசுதான் மலேரியாவை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இதை நிரூபித்துக் காட்டினால்தான் களையைப் பிடுங்க அரசாங்கம் ஆள் அனுப்பும். மத்தியானம் அதிகாரிகள் வருகிறார்கள்.

கொசு வளர்க்கும் அறையில் இரண்டு கூண்டுகள். ஒன்றுக்குக் களைச்சாறு கலந்த சர்க்கரைத் தண்ணீர், மற்றதற்கு வெறும் சர்க்கரைத் தண்ணீர். ரத்தம் இரண்டுக்கும் அகேயோவுடையது. கூண்டிலேயே பிறந்து வளர்ந்த, நோயில்லாத கொசுக்கள் என்பதால் பயமில்லாமல் கையை உள்ளே நீட்டுவாள்.

இதற்கு முந்தைய சோதனைகளில் எல்லாம் சரியாகத்தான் வந்தது. இந்த முறை வெறும் சர்க்கரை குடித்த கொசுக்களும் சாக மறுத்தன. அறுத்துப் பார்த்தால் அவற்றின் குடலும் துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

இதைக் கொண்டுபோய்க் காட்டினால், களையின்மேல் குற்றமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

சர்க்கரையைச் சந்தேகப்பட்டாள். தண்ணீரைச் சந்தேகப்பட்டாள். பஞ்சைக்கூட விட்டுவைக்கவில்லை.

"எல்லாத்தையும் சந்தேகப்பட்டே, உன்னை மட்டும் விட்டுட்டியேடி," என்றாள் கூட வேலை பார்க்கும் நெகேசா. நேற்றுக் காலையில்தான். "ரத்தம் உன்னோடதுதானே? மாத்திரை கீத்திரை ஏதாவது முழுங்குறியா?"

"தலைவலிக்குக்கூட ஒண்ணும் போடலைடி. காலையில கஞ்சி, ராத்திரி களியும் மீனும். இதுல என்ன இருக்கு?"

"அப்போ உன் வீட்டுக்காரர் காய்ச்சிக் குடுக்கிற கஞ்சியிலயும் ஒரு சொட்டு வச்சுப் பாரு. அவ்வளவு அன்பைத் தாங்க முடியாமதான் கிருமியெல்லாம் செத்திருக்கும்!"

இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டேதான் அகேயோ, பாக்டீரியா தடவிய தட்டில் நான்கு துளிகள் வைத்தாள். சர்க்கரை, தண்ணீர், பஞ்சைப் பிழிந்த நீர். நான்காவதாக, பிளாஸ்க்கின் அடியில் ஒட்டியிருந்த கேழ்வரகுக் கஞ்சி.

அவள் புருஷன் ஒடேரா மீன் லாரி ஓட்டுகிறவன். போன மாதக் கடைசியில் மொம்பாசா துறைமுகம்வரை போய்விட்டுத் திரும்பியதிலிருந்து அவளுக்கு முன்பே எழுந்து அடுப்பு மூட்டுகிறான். எலுமிச்சை பிழிந்து, சர்க்கரையை அள்ளிப் போட்டு, பிளாஸ்க்கில் ஊற்றிக் கையில் கொடுக்கிறான். அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் புருஷன்மாரிடம் அவனைக் காட்டிப் பேசினார்கள். பன்னிரண்டு வருடத் தாம்பத்தியத்தில் இப்படியொரு காலமும் வந்ததே என்று அகேயோவும் பூரித்துப் போயிருந்தாள்.

மூடியைத் திறந்தாள்.

மூன்று துளிகளின்மேலும் பாக்டீரியா பால் ஆடைபோல் படர்ந்து மூடியிருந்தது. நான்காவதைச் சுற்றி மட்டும் ஒன்றுமே முளைக்காத வட்டம். கண்ணாடி தெரிந்தது.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த நெகேசா துள்ளிக் குதித்தாள்.

"தப்பிச்சோம்டி! களைமேல நாம சொன்னது சரிதான். உன் ரத்தத்துலதான் மருந்து ஏறியிருக்கு. யாரோ கஞ்சியில ஆன்டிபயாடிக்கை..."

அதோடு நிறுத்திக்கொண்டாள். பிறகு, அவசர வேலை நினைவுக்கு வந்தவள்போல் அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

அகேயோ தட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தவறு எங்கேயாவது இருக்காதா என்று பார்த்தாள். கை தவறித் தொட்டிருக்கலாம். பிளாஸ்க் சரியாகக் கழுவாததாக இருக்கலாம். வட்டம் அப்படியே இருந்தது.

அவளுக்குக் காய்ச்சல் இல்லை. புண் இல்லை. ஒரு நோயும் இல்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

புருஷனுக்கு வந்தால் பெண்டாட்டிக்கும் சேர்த்தே மருந்து கொடுக்க வேண்டிய நோய்கள் எவையென்று, இந்த ஊரில் எந்த மருந்துக் கடைக்காரனும் சொல்வான்.

போன் அடித்தது. தினமும் இந்த நேரத்துக்கு வருகிற அழைப்புதான்.

"கஞ்சி குடிச்சிட்டியா, என் தங்கம்?"

குரலில் அதே குழைவு. பின்னால் லாரி எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.

கத்த வேண்டும்போல் இருந்தது. யார் அவள் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. அகேயோ கேட்டது வேறு.

"ஒடேரா, இன்னும் எத்தனை நாளைக்குக் குடிக்கணும்?"

எஞ்சின் சத்தம் நின்றது. என்ன கேட்கிறாய், எனக்குப் புரியவில்லை என்று அவன் சொல்லிவிடக் கூடாதா என்று அகேயோ கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

"நாளையோட முடியுது," என்றான் ஒடேரா.