உடைக்கிற வேலை

"கேட்பார் இல்லாத பிள்ளைன்னு நினைச்சுட்டீங்களா? நான் இருக்கேன், இவனோட அக்கா."

பாட்டில் கிடங்கின் வாசலில் நின்று அவள் போட்ட சத்தத்தில், உள்ளே பச்சை, பழுப்பு, வெள்ளை என்று பாட்டில் பிரித்துக்கொண்டிருந்த நாலு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். தம்பி மட்டும் நிமிரவில்லை. அவன் கையிலிருந்த சுத்தியலைத் தொழிலாளர் அலுவலக அதிகாரி வாங்கி மேஜைமேல் வைத்திருந்தார். அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

தம்பிக்கு முப்பது வயது. ஆட்டிசம். எதிர்பாராமல் ஒரு சத்தம் கேட்டாலோ, நினைத்த நேரத்துக்கு நினைத்தது நடக்காவிட்டாலோ போதும், கையில் இருப்பது பறக்கும். தட்டு, டம்ளர், ஒரு தடவை இஸ்திரிப் பெட்டி. அன்றைக்கு அக்காவின் நெற்றியில் நாலு தையல். வேண்டுமென்றே செய்கிறவன் இல்லை, பாவம். எல்லாம் முடிந்த பிறகு தன் கையைத் தானே கடித்துக்கொண்டு அழுவான். அதைப் பார்க்கிறதுக்கு இன்னும் நாலு தையல் தேவலை என்றிருக்கும் அவளுக்கு.

அவள் செய்து பார்க்காத வைத்தியம் இல்லை. ஈரத் துண்டைப் பிழியச் சொன்னாள். பழைய பேப்பரைக் கிழிக்கச் சொன்னாள். அன்றன்றைக்கு நடக்கப்போவதை வரிசையாகப் படம் வரைந்து சுவரில் ஒட்டினாள். ஒரு வருஷமாக வீட்டில் ஒரு டம்ளர்கூட உடையவில்லை. எல்லாம் என் படத்தோட மகிமை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனாள். சொல்லட்டுமே, அவள் பட்ட பாடு அப்படி.

பாட்டில் பிரிக்கிற வேலைக்கு இங்கே வரும் தம்பி போன வாரம் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வந்தவள் கண்ணில்தான் இது பட்டது. கிடங்கின் பின்பக்கம், ஓர் இரும்புத் தொட்டியின் முன்னால், முகத்துக்குக் கவசமும் கையுறையும் மாட்டிக்கொண்டு உருக்க அனுப்பும் பாட்டில்களை அவன் ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டிருந்தான். முழங்கையில் ரத்தக் கீறல்.

அவள் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான். நேரே தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கே போனாள்.

இதோ, அதிகாரி வந்தாயிற்று.

"சார், இந்தக் காலத்துல யாராவது கையால கண்ணாடி உடைப்பாங்களா? மெஷின் வாங்க இவருக்கு மனசு வரல. வாயில்லாப் பூச்சி ஒண்ணு கிடைச்சதும் பிடிச்சுப் போட்டுக்கிட்டார்" என்றாள் அக்கா.

முதலாளி கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மெஷின் இருக்கும்மா."

"எங்க இருக்கு?"

"பின்னாடி ஷெட்ல. மூணு வருஷமா இருக்கு. இவன் நாள் பூரா உடைக்கிறதை அது அரை மணி நேரத்துல அரைச்சுத் தள்ளிடும்."

"அப்ப அதுலயே அரைங்க" என்றார் அதிகாரி. "இனிமே இங்க ஒருத்தரும் கையால ஒரு பாட்டில்கூட உடைக்கக் கூடாது. மீறினா கிடங்கைப் பூட்டிடுவேன்."

எழுதினார். முதலாளியிடம் கையெழுத்து வாங்கினார். போகிறபோது சுத்தியலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்காவுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. "பாத்தியாடா? இனிமே உனக்கு அந்த வேலையே கிடையாது. நிம்மதியா உக்காந்து பாட்டிலைப் பிரி, போதும்."

தம்பி மெதுவாகக் கையை வாய்க்குக் கொண்டுபோனான். கடிக்க ஆரம்பித்தான்.

"டேய், என்னடா இது? விடுடா. விடுடா சாமி."

இழுத்துப் பார்த்தாள். முதலாளியும் சேர்ந்து இழுத்தார். அவன் விடவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்துகொண்டே இருந்தது. ஒரு வருஷமாக மறந்திருந்த பயம் அவளுக்குள் திரும்பி வந்து உட்கார்ந்தது.

"மெஷினை வச்சுக்கிட்டு இவன் கையில எதுக்குச் சுத்தியலைக் குடுத்தீங்க?" அவள் குரலில் இப்போது காரம் இல்லை.

"நானாக் குடுக்கலம்மா. பிரிக்கிற வேலைக்குத்தான் எடுத்தேன். போன வருஷம் வேலைக்கு வந்த முதல் நாளே இவன்தான் கேட்டான்."

"என்ன கேட்டான்?"

முதலாளி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"'எனக்குக் கோபம் வந்தா எதையாவது உடைச்சிடுவேன். வீட்ல அக்கா இருக்கா. தினமும் இங்கயே உடைச்சு முடிச்சுட்டுப் போகட்டுமா?'ன்னு கேட்டான்மா."