ஒரு ஆளுக்கு எவ்வளவு?

“இனிமேல் உங்கட அக்காவோட சந்தைக்குப் போகச் சொல்லி என்னட்டைக் கேக்காதேங்கோ!”

சிவானி மரக்கறிப் பையை மேசையில் போட்ட வேகத்தில் ஒரு தக்காளி உருண்டு கதிரைக்கு அடியில் போய் நின்றது. வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி ஃப்ளாட். லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

உமாசுதன் முகத்தில் பாதிச் சவர்க்கார நுரையோடு எட்டிப் பார்த்தான்.

“ஏன், என்ன நடந்தது?”

“என்ன நடக்கேல்லை எண்டு கேளுங்கோ. மீன்காரனிட்ட ‘மல்லி, கீயத? கீயத?’ எண்டு சிங்களத்தில இருக்கிற மீன் எல்லாத்துக்கும் விலை கேட்டா. அறக்குளாவுக்கும் கேட்டா, சூடைக்கும் கேட்டா. கடைசியில ஒண்டும் வாங்கேல்லை. அவன் என்னைப் பாத்த பார்வை! நாளைக்கும் நான்தானே அவன்ர முகத்தில முழிக்க வேணும்?”

“சரி சரி, மெல்லக் கதையும். அக்காவுக்குக் கேக்கப் போகுது.”

“கேக்காது. அவ கீழ ஜாபிர் நானாட கடையில நிக்கிறா. அரிசி விலை விசாரிக்கிறா!”

உமாசுதனுக்குச் சிரிப்பு வந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அதை அப்படியே விழுங்கிக்கொண்டான்.

“அக்கா கனகாலத்துக்குப் பிறகு கனடாவில இருந்து வந்திருக்கிறா. விலை கேட்டால் என்ன குறைஞ்சு போச்சு?”

“உங்களுக்கு என்ன? நீங்கள் கிராண்ட்பாஸ் பிரஸ்ஸுக்கு வேலைக்குப் போயிடுவீங்கள். வீட்டில நிண்டு சமாளிக்கிறது நான். அக்காவுக்கு முன்னால பருப்பும் சோறும் வைக்காதே எண்டு சொல்லுறீங்கள். அவ வந்த நாளில இருந்து ஒவ்வொரு நாளும் மீன். மாசத்துக்கு எண்டு வாங்கின தேங்காய் பாதி மாசத்திலேயே முடிஞ்சுது. சாமானுக்குத் தாற காசையாவது கொஞ்சம் கூட்டித் தந்தனீங்களோ?”

“என்னை ஏஎல் வரைக்கும் படிப்பிச்சது அக்கா அனுப்பின காசு சிவானி.”

“அந்தக் காசுக்குத்தான் இப்ப வந்து கணக்குப் பாக்கிறா!”

சிவானி சும்மா சொல்லவில்லை. மச்சாள் சரோஜினிதேவி வந்த நாளிலிருந்தே இந்த வீட்டில் எதுவும் விசாரணை இல்லாமல் நடக்கவில்லை. கேஸ் சிலிண்டர் எவ்வளவு நாளைக்கு வரும்? கரண்ட் பில் எவ்வளவு? பால்மா இவ்வளவு விலையோ? தேங்காய்ப்பூவை இன்னொரு தரம் பிழியும்போது சமையலறை வாசலில் வந்து நின்று, “மூண்டாம் பாலும் எடுப்பியோ பிள்ளை?” என்று கேட்டாள். அன்று சிவானிக்குக் காது வரை சூடேறியது.

நேற்று இரவு சாப்பாட்டு மேசையில் கேட்டதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

“இஞ்ச ஒரு ஆளுக்கு மாசம் சாப்பாட்டுக்கு எவ்வளவு முடியும்?”

“மாமி எங்களை ஓடிட் பண்ண வந்திருக்கிறா போல” என்று மகள் சாருஜா சிரித்தாள். மாமியும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் பதில் வரும்வரை சிவானியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

உமாசுதன் வேலைக்குப் போன பிறகு சரோஜினிதேவி மேலே வந்தாள். கையில் ஒரு சின்னப் பை.

“ஜாபிரிட்ட சோயா மீற் மலிவு பிள்ளை. மீன் வேண்டாம். இண்டைக்கு இதைச் சமை.”

பிழிந்துகொண்டிருந்த தேங்காய்ப்பூவைச் சிவானி சட்டிக்குள் போட்டாள். இத்தனை நாளாய் அடக்கி வைத்திருந்தது வெடித்துவிட்டது.

“மச்சாள், எங்களுக்கு வசதி இல்லைதான். அதுக்காக இப்பிடிக் குத்திக் காட்ட வேண்டாம். உங்களுக்கு மீன் வாங்கித் தர எங்களால ஏலும். முந்தி நீங்கள் அனுப்பின காசில ஒரு சதமும் நாங்கள் வீணாக்கேல்லை. ஏதும் கேக்க வேணுமெண்டால் நேர கேளுங்கோ. சும்மா கடை கடையாய் விசாரிச்சு, நீங்கள் போன பிறகும் நான் அந்தக் கடைகளுக்குப் போக ஏலாமல் செய்யாதேங்கோ!”

சொல்லி முடித்த பிறகுதான் கூடிப்போய்விட்டது என்று விளங்கியது. இனி என்ன, தம்பிக்குப் போன் போகும். இரவு வீட்டில் பெரிய பூகம்பம் நடக்கும்.

சரோஜினிதேவி கோபிக்கவில்லை. சோயா பையை மேசையில் வைத்துவிட்டு மெல்லக் கதிரையில் உட்கார்ந்தாள். கல்கிசைப் பக்கம் போன ரயில் ஒன்று கடற்கரையோரம் இரைந்து ஓய்ந்தது.

“தம்பிக்கு நான் இன்னும் சொல்லேல்லை” என்றாள். “மகன் நாங்கள் இருந்த பெரிய வீட்டை வித்துப்போட்டு வேற ஊருக்குப் போயிட்டான். நான் ஒரு பேஸ்மென்ட் அறையில தனியத்தான் இருந்தனான். வாடகை குடுத்தால் சாப்பாட்டுக்கு மிஞ்சாது. அங்க இல்லாதவைக்குச் சும்மா சாமான் குடுக்கிற இடம் இருக்கு. போன வின்ரர் முழுக்க அந்த வரிசையில நிண்டுதான் பிள்ளை சாப்பிட்டனான்.”

சிவானி தேங்காய்ப்பால் வழிந்த கையோடு மேசைக்குக் கிட்ட வந்தாள்.

“நான் உன்னை விசாரிக்கேல்லை. என்ர பென்சனில உங்களுக்குப் பாரமில்லாமல் இஞ்ச சாப்பிட ஏலுமோ எண்டுதான் பாத்தனான்” என்ற சரோஜினிதேவி, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: “திரும்பிப் போக நான் டிக்கெட் எடுக்கேல்லை.”