மூன்றாவது முனை

மறுபடியும் அளந்தான்.

அதே அளவுதான் வந்தது. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. டேப்பைச் சுருட்டிவிட்டு, திரும்ப விரித்தான்.

"நீங்க அளந்து முடிக்கிறதுக்குள்ள வெயிலே கிளம்பிப் போயிரும்," என்றாள் அவன் மனைவி முத்தரசி, பின்வாசல் படியில் உட்கார்ந்தபடி.

மதியம் அந்தப் படியில் நிழல் விழ வேண்டும். அதுதான் கணக்கு.

தை மாதம். சூரியன் தெற்கே சரிந்திருந்தது.

முற்றத்தின் தெற்கு எல்லையில் ஒரு சுவர். பாகம் பிரித்தபோது நடுவில் எழுப்பியது. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன்.

சுவர் எழும்பிய பிறகு அண்ணன் அவனிடம் பேசவில்லை.

கட்டப்போவது முக்கோண நிழல் துணி. இரண்டு முனைகளை வீட்டின் மாடிச் சுவரில் மாட்டிவிடலாம். மூன்றாவதுக்கு இரும்புக் கம்பம் நட வேண்டும். அதற்கு இடம், அந்தச் சுவரோரம் மட்டும்தான்.

"கம்பத்தை வெளிப்பக்கமா சாய்ச்சு நடணும்ணே," என்றான் கட்ட வந்த சகாயம். "நட்டமா நட்டா, துணி இழுக்கிற இழுப்புல உள்ள வளைஞ்சிரும்."

சாய்த்தால், கம்பத்தின் தலை அண்ணன் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும்.

ஒரு முறை அவன் வீட்டுத் தண்ணீர்க் குழாய் எல்லையைக் கொஞ்சம் தாண்டியது. அதற்கே ஆள் விட்டுச் சொல்லியனுப்பியவர் அண்ணன்.

கேட்டுவிட்டுச் செய்யலாம். கேட்பதற்கு, பேச வேண்டும்.

கேட்காமல் செய்தால் சண்டைக்கு வருவார்.

தலைக்கு மேல் நீட்டி நிற்கும் கம்பத்துக்கு ஆள் விட்டால் போதாது. நேரில்தான் வர வேண்டும். வந்தால், 'டேய்' என்றுதான் தொடங்குவார்.

"சாய்ச்சே நடுங்க," என்றான்.

சொன்ன பிறகு, சொன்னது சரியா என்று தெரியவில்லை. அது துணிச்சலா, வேறு ஏதாவதா என்பதும் தெரியவில்லை.

கான்கிரீட் இறுகியது. துணி ஏறியது. படியில் கச்சிதமாக நிழல் விழுந்தது.

அந்த ஞாயிறு முழுவதும் முற்றத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

சுவருக்கு அப்பால் வாளி நகர்ந்தது. ரப்பர் செருப்பு நடந்தது. அண்ணன் இருமினார்.

செருப்பு கம்பத்தின் அருகே வந்து நின்றது.

அவன் எழுந்து நின்றான்.

செருப்பு திரும்பிப் போனது.

மாசி போனது. பங்குனி போனது.

சித்திரைக் கடைசியில் சூரியன் உச்சியைத் தாண்டி வடக்கே நகர்ந்துவிட்டது. நிழல் தெற்கே நகர்ந்துவிட்டது.

தையில் அளந்தவன் அதை நினைத்தே பார்க்கவில்லை.

படி வெயிலில் கிடந்தது. நிழலின் கூர்முனை சுவரேறி, மறுபக்கம் இறங்கியிருந்தது.

"கட்டுனது நாம, நெழலு அவுகளுக்கா?" என்றாள் முத்தரசி. "எத்தனை தடவை அளந்தீங்க! கம்பத்துல துணியை இழுத்துப் பிடிக்கிற அந்தத் திருகைத் தளர்த்துங்க. நான் மாடியில நின்னு சங்கிலியை நம்ம பக்கம் இழுத்து மாட்டுறேன்."

ஏணியைக் கம்பத்தில் சாய்த்தான். ஸ்பேனரோடு ஏறினான்.

தலை சுவரைத் தாண்டியது.

பிரித்த பிறகு அந்தப் பக்கத்தை இவ்வளவு கிட்டத்தில் இப்போதுதான் பார்க்கிறான்.

சுவரை ஒட்டி ஒரு கயிற்றுக் கட்டில். அதில் அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார்.

மண்தரையில் கட்டில் கால்கள் இழுபட்ட கோடுகள். ஒன்றிரண்டு அல்ல. நிழல் நகர்ந்த வழியெல்லாம் கோடுகள்.

அண்ணனுக்கு முடி முழுக்க வெளுத்திருந்தது. யாரும் சொல்லவில்லை.

தொடை வரைக்கும் நிழல் இருந்தது. கால்கள் வெயிலில் கிடந்தன.

"தளர்த்திட்டீங்களா?" மாடியிலிருந்து முத்தரசி கேட்டாள்.

அவன் ஸ்பேனரைத் திருகில் பொருத்தினான். சத்தம் வராமல், இறுக்கும் பக்கமாகச் சுற்றிச் சுற்றித் திருப்பினான்.

துணி விறைத்தது. நிழல் முழங்காலுக்கு வந்தது.

இன்னொரு சுற்று.