மேல்பாரம்

"வேகமாத்தான் வந்தேன். தப்பு என்னோடதுதான்."

லாரி டிரைவர் ராஜவேல் போலீசில் இப்படிச் சொல்லிவிட்டு லாக்கப்பில் உட்கார்ந்துவிட்டான். மரைன் ஹில் இறக்கத்தில் நிற்காமல் போன அவன் லாரி மோதியதில், டீக்கடை பக்கிரிசாமி அந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்தார். ஊரே ராஜவேலைக் காறித் துப்பியது.

அவன் மனைவி அகிலாவால் மட்டும் நம்ப முடியவில்லை. நாய் குறுக்கே வந்தாலும் நின்று, அது போன பிறகு கிளம்புகிற மனுஷன். அவனாவது, இறக்கத்தில் வேகமாக வருவதாவது!

லாரியில் கண்டபடி பாரம் ஏற்றியிருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அகிலாவுக்கு அது போதாதா? அரசுப் பள்ளியில் பிஸிக்ஸ் டீச்சர் அவள். நேராக லாரி முதலாளி, கான்ட்ராக்டர் சிவப்பிரகாசத்தின் ஆபீசுக்குள் நுழைந்தாள்.

"பைட்டியே டீச்சர்," என்று இந்தியில் உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டினார்.

"உட்கார வரல. ஒரு உசுரு போனதுக்குக் காரணம் நீங்க. பழி மட்டும் என் புருஷன் தலையிலயா?"

அவர் மேஜை மேலிருந்த பில்களை அடுக்கத் தொடங்கினார். அதுவே அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

"பிரேக்கோட விசை அதேதான் சார். பாரம் ரெண்டு மடங்கானா வேகம் குறையறது பாதியாயிடும். நிக்கறதுக்கு ரெண்டு மடங்கு தூரம் வேணும். அவரு மெதுவா வந்து, ஒழுங்கா பிரேக் அடிச்சிருந்தாலும் அந்த வண்டி நின்னிருக்காது. ஒன்பதாவது படிக்கிற புள்ளைக்கே இது தெரியும். உங்களுக்கு லாபம்தானே தெரியும்?"

"டீச்சர், இதை இதோட விட்டுடுங்க."

"எப்படி விடுவேன்? நாளைக்கே வக்கீலை வச்சு, லோடு எவ்வளவுன்னு கோர்ட்டுல கேட்கப் போறேன். அவரை மிரட்டித்தானே அப்படிச் சொல்ல வச்சீங்க?"

சிவப்பிரகாசம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அரே, நான் எங்க மிரட்டினேன்? லோடுதான் காரணம்னு உண்மையைச் சொல்லுடான்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கேக்கல. லோடுன்னு வாயைத் திறந்தா யாரு வீட்டு லோடுன்னு கேப்பாங்க, அவளையும் ஸ்டேஷனுக்கு இழுப்பாங்க, கவர்மென்ட் வேலைக்கே ஆபத்துன்னு என் காலைப் பிடிச்சுட்டான்."

"யாரை இழுப்பாங்க?"

"வண்டியில என்னோடது கம்பி மட்டும்தான் டீச்சர். அதுக்கு மேல இருந்த சிமென்ட் மூட்டை பூரா டாலிகஞ்ச்ல நீங்க கட்டுற மாடிக்கு."

இனி கோர்ட்டுமில்லை, வக்கீலுமில்லை. வாயைத் திறந்தால் அவன் செய்தது வீண். திறக்காவிட்டால் அவன் கொலைகாரன்.

சிமென்ட் ஏற்றச் சம்மதித்ததாக அவன் ஒருநாளும் சொன்னதில்லை. மாட்டான் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

"தனி வண்டி எதுக்குங்க? முதலாளி லோடு மேலயே போட்டுட்டு வாங்க. கொஞ்சம் பாரம் கூடினா வண்டிக்குத் தெரியவா போகுது?" என்று ஒரு வாரமாக அவனை நச்சரித்தது பிஸிக்ஸ் டீச்சர் அகிலாதான்.